மணி அடிப்பதற்குள் ஒரு பல்லவி

கேள்வி ஓர் எழுத்துதான். ‘கே’ என்று தெளிவாக உச்சரித்துவிட்டு, சின்னப் புன்னகையோடு காத்திருப்பார் பி.எச்.அப்துல் ஹமீத். எதிரே மைக் பிடித்து நிற்கும் போட்டியாளர், மணி அடிப்பதற்குள் அந்த எழுத்தில் தொடங்கும் சினிமாப் பாட்டின் பல்லவியை எடுத்துவிட வேண்டும். மெட்டு பிசகக் கூடாது, சொல் மாறக் கூடாது. வாத்தியக்காரர்கள் சுருதியைத் தேடிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார்கள். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாய் துறுதுறுக்கும்; ஆனால் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பெட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அந்தத் தடை கிடையாது. கம்மாபுரத்தில் எங்கள் தெருவின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு ‘கே’ கிளம்பும். எதிர்வீட்டுப் பாட்டி எம்.கே.தியாகராஜ பாகவதர் காலத்துக்குப் போவார், அவர் மகன் எம்.ஜி.ஆர். படத்துக்கு, பேரன் அந்த வருஷத்து ரஹ்மானுக்கு. போட்டியாளர் நான்காவதாக ஒன்றைப் பாடுவார். அதையும் மூன்று பேரும் சேர்ந்து பாடுவார்கள்.

1993 ஏப்ரல் 14-ல், தமிழ்ப் புத்தாண்டு நாளில், சன் டி.வி. தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கேபிள் ஒயர் தென்னை மரத்திலும் வேப்ப மரத்திலும் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அந்த ஒயர் வழியாக எத்தனையோ வந்தன. நெடுந்தொடர் வந்தது, சிரிப்பு நிகழ்ச்சி வந்தது, புதுப்படம் வந்தது. ஆனால் நடுநாட்டில் என் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்து அந்தக் காலத்து டி.வி.யைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐந்தாவது நிமிடத்தில் அப்துல் ஹமீத் நடத்திய ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ வந்துவிடும். பத்தாவது நிமிடத்தில் ஓர் எழுத்தைச் சொல்லிப் பாடத் தொடங்கிவிடுவோம்.

நெய்வேலிச் சுரங்கங்களுக்கும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஒன்றியம். நெல், கரும்பு, முந்திரி. சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் தினக்கூலி. இந்த மண்ணில் பிறந்து, தமிழ் வழியில் படித்து, பாதியில் படிப்பை நிறுத்தியவர்கள்தான் அந்த நிகழ்ச்சியின் மிகப்பெரிய ரசிகர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தொலைக்காட்சியில் வந்த அறிவுப் போட்டிகளிலேயே, எங்கள் அம்மாக்களையும் மாமாக்களையும் விஷயம் தெரிந்தவர்களாக நடத்திய போட்டி அதுதான். காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்துவைத்த நினைவை அது கல்வியாகவே மதித்தது. அதன் இறுதிச் சுற்றில் நின்று வென்றவர்களை நான் சாம்பியன்கள் என்றே சொல்வேன். அவர்களுக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் செலுத்தவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கொழும்பில் போய் நின்ற முள்

இந்த ஆட்டத்தின் கதை தொலைக்காட்சிக்கு வெகு காலம் முன்பே தொடங்குகிறது. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் சாஸ்திரிய சங்கீதம் பெருகியது. சினிமாப் பாட்டு அநேகமாகக் காணாமல் போனது. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள். முள் கொழும்பில் போய் நின்றது.

இந்தி கேட்டவர்களுக்கு அங்கிருந்து அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ வந்துகொண்டிருந்தது. தமிழ் கேட்டவர்களுக்கு எஸ்.பி.மயில்வாகனன் இருந்தார். பின்னால் கே.எஸ்.ராஜா வந்தார், ராஜேஸ்வரி சண்முகம் வந்தார், அப்துல் ஹமீத் வந்தார். டெல்லியில் கண்திறந்து 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும், தமிழ்நாட்டுக் கரையோர மாவட்டங்களில் கொழும்பின் பிடி தளரவில்லை. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலிக்காத டீக்கடை கிடையாது. ஊராட்சி ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கி ஒன்று ஊர் நடுவில் இருந்தால் போதும், அந்த ஊருக்கே பாட்டுப் பாடம் நடந்துவிடும்.

பாடம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை. படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். அதே பாட்டு மறுநாள் வந்தாலும் அதே விவரங்கள் மறுபடி வரும். பள்ளிக்கூடம் போகாத ஒருவர், ஒரு வருஷம் ரேடியோவோடு இருந்தால், கண்ணதாசன் எது, மருதகாசி எது, பட்டுக்கோட்டை எது என்று பிரித்துச் சொல்வார். விஸ்வநாதன் - ராமமூர்த்தி சேர்ந்து இசையமைத்த படம் எது, பிரிந்தபின் வந்தது எது என்று தேதி வாரியாகச் சொல்வார். விருத்தாசலத்துப் பொம்மைக் கம்பெனிகளில் அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் விளிம்பைச் சீவி, ஒட்டு வைத்து, வண்ணம் தீட்டும் பெண்களுக்கு ரேடியோதான் துணை. கை ஒரு வேலையைச் செய்யும். காது இன்னொரு வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இப்படி ஒருவர் இருபது வருஷம் கேட்டால் அவருக்குள் எவ்வளவு சேரும் என்று எண்ணிப்பாருங்கள். அந்தச் சேமிப்பை வெளியே எடுத்துக் காட்ட ஒரு மேடை வேண்டும் அல்லவா?

அந்த மேடையைக் கட்டியவர் அப்துல் ஹமீத். கொழும்பில் சிறுவர் நிகழ்ச்சியில் குரல் கொடுக்கத் தொடங்கி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் அறிவிப்பாளராக உயர்ந்தவர். அந்த வாழ்க்கையை ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்ற பெயரில் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். வானொலியில் அவர் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது, தமிழர்கள் குடியேறிய நாடுகளின் மேடைகளுக்கும் போனது. ல, ள, ழ மூன்றையும் மூன்றாகவே உச்சரிக்கும் அந்தக் குரல் இந்த ஆட்டத்துக்கு இயல்பாகவே பொருந்தியது. எழுத்தை வைத்து ஆடும் ஆட்டத்தில் நடுவருக்கு உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும். போட்டியாளர் தடுமாறும்போது அவர் முகத்தில் ஏளனம் வந்து நான் பார்த்ததில்லை. பாட்டு சரியாக இருந்தால் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு விவரம் சொல்வார். தவறாக இருந்தாலும் ஒரு விவரம் சொல்லித்தான் அனுப்புவார். தோற்றவர் வெறுங்கையோடு போகவில்லை.

அந்தப் பக்கத்துக் கோப்பைகள்

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், ஆங்கில வினாடி வினாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு அவற்றின்மேலும் காதல் உண்டு.

இந்தியாவில் பொது மேடையில் நடந்த முதல் வினாடி வினாவை 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்தியவர் நீல் ஓ பிரையன். 1972-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கான போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட் தொடங்கியது. நடத்தியவர் ஹமீது சயானி. அவர் மறைந்த பிறகு தம்பி அமீன் சயானி பொறுப்பேற்றார். கொழும்பு வானொலி வழியாக இந்திப் பாட்டை இந்தியா முழுக்கக் கொண்டுபோன அதே அமீன் சயானிதான். சினிமாப் பாட்டும் வினாடி வினாவும் ஒரே குரலில் குடியிருந்த காலம் அது. 1992-ல் அந்தப் போட்டி தொலைக்காட்சிக்கு வந்தபோது மைக்கைப் பிடித்தவர் நீல் ஓ பிரையனின் மகன் டெரெக். அதற்கு முன்பே, 1985-ல், தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் ‘குவிஸ் டைம்’ வந்துவிட்டது. 1998-ல் பிபிசி வேர்ல்டில் அவரே ‘மாஸ்டர்மைண்ட் இந்தியா’ நடத்தினார். இருட்டான அரங்கு, ஒற்றைக் கறுப்பு நாற்காலி, அதன்மேல் மட்டும் விளக்கு.

அந்தப் போட்டிகளுக்கென்று ஒரு படிக்கட்டு இருந்தது. நகரச் சுற்று, மண்டலச் சுற்று, அரையிறுதி, இறுதி. கல்லூரிப் பெயரையும் பள்ளிப் பெயரையும் சொல்லி அணிகளை அழைக்கும்போது கேட்கிறவர்களுக்கே நெஞ்சு நிமிரும். இறுதிப் போட்டி நாளில் ஒரு கேள்விக்கு இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் பஸ்ஸரை அழுத்தினால், எங்கள் ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒன்றிரண்டு வாத்தியார் வீடுகளில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. எனக்கு அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் தெரிந்துவைத்திருப்பது ஒரு வீரம் என்பதை அந்தப் பிள்ளைகள்தான் எனக்குக் காட்டினார்கள். அதற்கு இன்றைக்கும் நன்றி உண்டு.

என்றாலும் அந்தப் படிக்கட்டின் முதல் படி பெருநகரத்தில் இருந்தது. விருத்தாசலம் சந்திப்பில் ரயில் ஏறினால் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பதிலைச் சொல்ல வேண்டிய மொழிக்கு அப்படி ஒரு ரயில் கிடையாது. விம்பிள்டன், ஷேக்ஸ்பியர், நோபல் பரிசு என்று கேள்விகள் ஓடும். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயங்களான முந்திரிப் பூவுக்கு எந்த மழை கெடுதல், எந்தக் களிமண் சூளையில் வெடிக்கும், எந்தப் படத்தில் எந்தப் பாட்டு என்பவை அங்கே கேட்கப்படுவதில்லை. மூன்றாவதை மட்டும் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது தமிழில்.

ல என்னும் எதிரி

பாட்டுக்குப் பாட்டு எளிமையான ஆட்டம் என்று நினைப்பவர்கள் அதை ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள். தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் வரும். க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங வரிசைகள் வரும் என்கிறது நன்னூல். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. சினிமாப் பாட்டு இலக்கணத்துக்குக் கொஞ்சம் விலகிப் போகும் என்பதால் ர-வுக்கு ராஜாவும் ராணியும் ரோஜாவும் துணைக்கு வருவார்கள். ல-வுக்கு அப்படி நிறையப் பேர் இல்லை.

டி.வி.யில் எழுத்தைக் கொடுப்பது நடத்துனர் வேலை. தெருவில் நாங்கள் ஆடியது கடைசி எழுத்து ஆட்டம். ஒருவர் நிறுத்திய சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இங்கேதான் தமிழின் சங்கடம் தெரியும். ம் என்று முடிந்தால் கவலை இல்லை. ம-வில் பாட்டு மலை மாதிரிக் கிடக்கிறது. ன் என்று முடிந்தால் ந என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தெருச் சட்டம். ண-வுக்கும் ந-தான். ற-வுக்கு ர. ள-வுக்கும் ழ-வுக்கும் ல. இந்தக் கடைசிச் சட்டத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாள், தோள், அவள், கண்கள், பூக்கள் என்று காதல் பாட்டில் புழங்கும் சொற்களில் பாதி ள்-ளில் முடியும். இன்னும் கொஞ்சம் ல்-லில் முடியும். ஆகவே ஆட்டத்தில் அதிகமாகக் கேட்கப்படும் எழுத்து ல. அதில் தொடங்கும் பாட்டோ விரல்விட்டு எண்ணக்கூடியது. நன்றாக ஆடத் தெரிந்தவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்த மாட்டார். சரணம்வரை இழுத்துக்கொண்டுபோய், ள் வரும் சொல்லில் சரியாக நிறுத்துவார். எதிராளியின் முகம் வாடும்.

இறுதிச் சுற்று ருசியாவது இதனால்தான். முதல் சுற்றுகளில் ஆளுக்கு ஒரு பாட்டு வந்து விழும். பாடிய பாட்டை மறுபடி பாட முடியாது என்பதால், போகப் போக எளிய பாட்டெல்லாம் தீர்ந்துவிடும். கடைசியில் நிற்கும் இருவரிடமும் பத்தாயத்து அடியில் விதைநெல் கிடப்பதுபோல் சில பாட்டுகள் மட்டும் மிச்சமிருக்கும். அவை ஓடாத படத்தின் பாட்டுகளாக இருக்கும், டப்பிங் படத்துப் பாட்டுகளாக இருக்கும், ரேடியோவில் எப்போதோ ஒருமுறை வந்த சோகப் பாட்டாக இருக்கும். அதை ஒருவர் எடுக்கும்போது அரங்கத்தில் முதலில் சலசலப்பு, பிறகு வயதானவர் எவராவது தலையாட்டுவார், அப்புறம்தான் கைதட்டல். அந்த இடைவெளியில், காணாமல் போயிருந்த ஒரு பாட்டு எல்லோருக்கும் நடுவே திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். வேறெந்த விளையாட்டிலும் இது நடந்து நான் கண்டதில்லை.

பயிற்சி என்ன என்று கேட்டால், பாட்டுப் புத்தகம்தான். தியேட்டர் வாசலிலும் பஸ் நிலையத்திலும் விற்ற மெல்லிய காகிதப் புத்தகம். நடுவில் கதைச்சுருக்கம் இருக்கும். முடிவை மட்டும் சொல்லாமல் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்தியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அக்கா அவற்றை எழுத்து வரிசைப்படி ஒரு கோடுபோட்ட நோட்டில் பிரித்து எழுதிவைத்திருந்தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பக்கம். ல-வின் பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. புதுப்படம் வெளிவந்தால் அவள் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்துக்கு ஏதாவது தேறுமா என்றுதான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அகராதி தொகுப்பவர்கள் செய்யும் வேலையைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

பொங்கல் விளையாட்டு விழா வந்தால் எங்கள் ஊரில் உறியடி, கோலப்போட்டி, இசை நாற்காலி ஆகியவற்றோடு பாட்டுக்குப் பாட்டும் உண்டு. மற்றப் போட்டிகள் வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிடும். இது மட்டும் இருட்டிய பிறகு, குழல் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். இளைஞர் மன்றத்துப் பையன் ஒருவன் அப்துல் ஹமீத் குரலில் பேச முயல்வான். மணிக்குப் பதிலாகத் தட்டும் கரண்டியும். பரிசு விருத்தாசலத்திலிருந்து வாங்கிவந்த பீங்கான் கோப்பை செட். நெய்வேலிப் பக்கம் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலத்துச் சூளைகளில் கோப்பையாகவும் பொம்மையாகவும் மின்சார ஃபியூஸ் கட்டையாகவும் மாறியது. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஃபியூஸ் கட்டையும், ஜெயித்தவர் வீட்டு அலமாரியில் இருந்த கோப்பையும் ஒரே ஊர்ச் சரக்கு. பெரும்பாலும் ஜெயித்தது பெண்கள்தான், அதிலும் நாற்பது தாண்டிய பெண்கள். ஊர்ப் பொது மேடையில் ஒரு பெண் மைக் பிடித்து நிற்க, ஆண்கள் ஒவ்வொருவராகத் தோற்று இறங்குவதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த இரவுகளில்தான்.

பழமலையில் ஓர் அந்தாதி

எழுத்தை வைத்துப் போட்டிபோடும் ஆசை எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. பழமலை என்று பெயர் பெற்ற விருத்தாசலத்தின்மேல் துறைமங்கலம் சிவப்பிரகாசர் ‘பழமலை அந்தாதி’ பாடியிருக்கிறார். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் வடிவம் அது. 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்து, 32 வயதிலேயே மறைந்த இந்தப் புலவரைப் பற்றி ஒரு போட்டிக் கதை உண்டு.

திருநெல்வேலிச் சிந்துபூந்துறையில் வெள்ளியம்பலத் தம்பிரானிடம் படித்தார் சிவப்பிரகாசர். குருவை இகழ்ந்துவந்த ஒரு புலவர் திருச்செந்தூரில் இருந்தார். குருவின் விருப்பப்படி சீடர் அங்கே போனார். முருகன்மேல் நிரோட்டக யமக அந்தாதி யார் முதலில் பாடி முடிக்கிறார்களோ அவர்களுக்கு மற்றவர் அடிமை என்று பந்தயம். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டக் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ தொலைந்தன. உ, ஊ, ஒ, ஓ, ஔ தொலைந்தன. யமகம் என்றால் அடிதோறும் ஒரே எழுத்துத் தொடர் வந்து வேறு வேறு பொருள் தர வேண்டும். இவற்றுக்கு மேலே அந்தாதி வேறு. சிவப்பிரகாசர் முப்பது பாட்டையும் முடித்துவிட்டார். தோற்ற புலவரைத் தமக்கு அடிமையாக வைத்துக்கொள்ளாமல் குருவின் காலடியில் கொண்டுபோய் விட்டார் என்று கதை முடிகிறது. ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’ இன்றும் நம் கையில் இருக்கிறது.

நினைவுக்கும் இப்படி ஓர் அரங்கு இருந்தது. 1907 மார்ச் 10-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். பல பேர் பல பக்கத்திலிருந்து கேட்பதையெல்லாம் ஒரே நேரத்தில் மனத்தில் வாங்கி, ஒன்றும் பிசகாமல் திருப்பித்தரும் கலை அது. நினைவை அரங்கில் வைத்துப் பார்ப்பதும், எழுத்துக்குக் கட்டுப்பாடு போட்டுப் பாடுவதும் தமிழர்களுக்குப் பழக்கமான கேளிக்கை. பாட்டுக்குப் பாட்டை நான் அந்த வரிசையில் வைப்பேன். புலவர்களுக்கு மட்டும் திறந்திருந்த அரங்கை அது பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவருக்கும் திறந்துவிட்டது.

கோடிகள் வந்த பிறகு

2000 ஜூலை 3-ல் இந்தியில் ‘கோன் பனேகா கரோர்பதி’ வந்தது. அதே ஆண்டில் சன் டி.வி.யில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’. பின்னால் 2012-ல் விஜய் டி.வி.யில் சூர்யாவோடு ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’. பிறகு பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. இந்த நிகழ்ச்சிகள் தமிழில் கேள்வி கேட்டன. சிற்றூர்க்காரர்களை நாற்காலியில் உட்காரவைத்தன. கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரி’யில், 2020 ஜனவரியில், மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்றார். காது கேளாத, வாய் பேச இயலாத அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலாக உறுதி செய்ததைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு.

ஆனால் ஆட்டத்தின் இயல்பு மாறிவிட்டது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு திறமை. ஒன்றுமே கொடுக்கப்படாத இடத்திலிருந்து முழுப் பல்லவியையும் மெட்டோடு எடுத்துவருவது வேறு திறமை. பணம் பெரிதாகப் பெரிதாகப் பார்க்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிப் போனார்கள். போட்டியாளர் லைஃப்லைனுக்காக யோசிக்கும்போது வீட்டில் யாரும் கூடச்சேர்ந்து பாட முடியாது. இதற்கிடையே சூப்பர் சிங்கர் காலமும் வந்தது. குரல் வளம், பயிற்சி, குறுஞ்செய்தி வாக்கு. அங்கே எங்கள் பாட்டியின் கரகரத்த குரலுக்கு இடமில்லை. பாட்டுக்குப் பாட்டில் இருந்தது. குரல் சுமாராக இருந்தாலும் சொல்லும் மெட்டும் சரியாக இருந்தால் போதும்.

சாம்பியன்களை மதிப்பது எப்படி என்பதற்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ‘ஜெப்பர்டி’ என்று ஒரு வினாடி வினா. 1964-ல் ஆர்ட் ஃபிளெமிங் நடத்தத் தொடங்கினார். 1984 முதல் 2020-ல் இறக்கும்வரை நடத்தியவர் அலெக்ஸ் ட்ரெபெக். அதில் நீண்ட நாள் வென்றவர்களைத் திரும்ப அழைத்து ‘சாம்பியன்கள் போட்டி’ என்றே தனியாக நடத்துவார்கள். 2004-ல் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்ற கென் ஜென்னிங்ஸ், 2020 ஜனவரியில் பிராட் ரட்டர், ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் ஆகிய மற்ற இரண்டு பெரும் சாம்பியன்களை எதிர்கொண்டு வென்றார். வென்றவரின் பெயர், எந்தக் கேள்வியில் ஆட்டம் திரும்பியது, எந்த இடத்தில் எவ்வளவு பந்தயம் வைத்தார் என்பதுவரை ரசிகர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் ஃபிளெமிங் காலத்து நாடாக்களில் பெரும்பகுதியை அந்தத் தொலைக்காட்சி நிறுவனமே அழித்துவிட்டது. இழந்தது என்ன என்று தெரிந்ததால் பிறகு வந்ததைப் பத்திரப்படுத்தினார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? இணையத்தில் சில துண்டுகள். யாரோ வீட்டு வி.சி.ஆரில் பதிந்து, கோடு விழுந்த படத்தோடு ஏற்றியவை. அவற்றின் கீழே லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் திருச்சியிலிருந்தும், ‘இவர் பெயர் என்ன? இப்போது எங்கே இருக்கிறார்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இறுதிச் சுற்றில் நின்றவர்கள் இன்றைக்கு ஐம்பதிலும் அறுபதிலும் இருப்பார்கள். அவர்கள் நினைவில் இருக்கும் பாட்டுகளில் சிலவற்றுக்கு இசைத்தட்டும் கிடைக்காது, படச்சுருளும் கிடைக்காது. ஒருவர் பாடிக்காட்டினால்தான் உண்டு. அவர்களை இப்போதே கூப்பிட வேண்டும்.

ஒரு சாம்பியன்கள் போட்டி நடத்தச் சொல்கிறேன். தொலைக்காட்சி நிறுவனங்கள் முன்வந்தால் நல்லது. வராவிட்டால் கல்லூரித் தமிழ்த்துறைகளும் ஊர் நற்பணி மன்றங்களும் சேர்ந்தே செய்யலாம். பழைய போட்டியாளர்கள் ஓர் அணி; கிராமத்துப் பொங்கல் மேடைகளில் ஜெயித்தவர்கள் ஓர் அணி; இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் ஓர் அணி. முதல் சுற்றில் ‘காளிதாஸ்’ வந்த 1931 முதல் 1950 வரையிலான பாட்டு. இரண்டாம் சுற்றில் ‘அன்னக்கிளி’ வந்த 1976 வரை. மூன்றாம் சுற்றில் ‘ரோஜா’ வந்த 1992 வரை. நான்காவதில் எல்லாமும். கைப்பேசிகளை வாசலில் வாங்கி வைத்துவிட வேண்டும். நேரடி வாத்தியக்குழு கட்டாயம். பாடப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர் விவரங்களோடு பதிவேடு எழுத வேண்டும். பாடியவரின் பெயரும் ஊரும் அதில் ஏற வேண்டும். பரிசுக் கோப்பை வெள்ளியில் வேண்டாம், விருத்தாசலத்துச் சூளையில் சுட்டு வரட்டும். தகுதிச் சுற்றுகளில் ஒன்றைக் கம்மாபுரத்தில் வையுங்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எங்கள் ஊர்ச் சுற்றில் ள் வந்தால் ல-தான், மாற்ற மாட்டோம்.